இரண்டு பக்கமும் திறந்த காலுறை

ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் குழாய்க்காரரின் மனைவி பாதம் கழுவுவதற்காகக் காலை வைத்த வாளித் தண்ணீர் பனிக்கட்டியாகிவிட்டது. காலை வெளியே எடுக்க, குழாய்க்காரர் தம் பெரிய ஸ்பானரின் பின்பக்கத்தால் வாளியைப் பதினான்கு முறை தட்ட வேண்டியிருந்தது. தட்டும்போதெல்லாம் "வலிக்குதா, வலிக்குதா" என்று கேட்டார். வலிக்கவில்லை, அதுதான் கவலையாக இருக்கிறது என்று அவள் சொன்னாள். பத்து மணிக்குள் தெருவுக்கே விஷயம் தெரிந்தது. பதினொரு மணிக்கு எதிர்வீட்டு ரொட்டிக்கடைக்காரர் உருகத் தொடங்கியிருந்த வெண்ணெயை ஒரு தட்டில் ஏந்தி வந்து, "கொஞ்ச நேரம் கால் பக்கத்துல இருக்கட்டும்மா, தப்பா நெனைச்சுக்காதீங்க" என்று நாற்காலிக்கு அடியில் வைத்துவிட்டுப் போனார். மாலைக்குள் அந்த நாற்காலியைச் சுற்றி இரண்டு கூடை மீன், மருந்துக்கடையின் ஊசிமருந்துப் பெட்டி, யாருடையது என்று தெரியாத ஒரு தர்ப்பூசணி எல்லாம் வந்து சேர்ந்திருந்தன.

குளிர் எங்கிருந்து வந்தது என்பதில் ரகசியம் ஒன்றுமில்லை. வாத்தியார் பிள்ளை மக்கு என்கிற கணக்கில், ஊரெல்லாம் ஒழுகலை நிறுத்திய மனிதரின் வீட்டுச் சமையலறைக் குழாய் பதினோரு வருடங்களாகச் சொட்டிக்கொண்டிருந்தது. கழுவுதொட்டிக்கு அடியில் உள்ள குழாய் மூட்டிலிருந்து கசிந்த துளி, பாத்திரம் தேய்க்க நிற்பவளின் இடது பாதத்தில் ஒன்று, வலது பாதத்தில் ஒன்று என்று முறை வைத்து விழுந்தது. கிண்ணம் வைத்துப் பார்த்தாள். துளி கிண்ணத்தைச் சுற்றிக்கொண்டு வந்து பாதத்தில் விழுந்தது. கணவரிடம் சொன்னாள், அவர் நாளைக்கு என்றார். அவர் சொன்ன அந்த நாளை எந்தக் காலண்டரிலும் அச்சாகவில்லை. ஒருமுறை தெருமுனைத் தொலைபேசியில் குரலை மாற்றிக்கொண்டு புகார்கூடக் கொடுத்தாள். அவரும் விலாசத்தைக் குறித்துக்கொண்டு பையைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தார். வாசலுக்கு வந்ததும் அது தம் வீடுதான் என்று கண்டு நிம்மதியடைந்து, ஒரு டீ கேட்டு வாங்கிக் குடித்துவிட்டு அடுத்த புகாருக்குப் போய்விட்டார்.

தெருமுனை டாக்டர் அவள் கால்விரல்களுக்கு நடுவே தெர்மாமீட்டரை வைத்தார். பாதரசம் குமிழுக்குள் போய் ஒளிந்துகொண்டு மூன்று நாள் வெளியே வரவில்லை. கடையில் வாங்கிய காலுறைகள் ஆறு ஜோடி, மாட்டி முதல் அடி வைத்ததும் கண்ணாடிபோல் நொறுங்கின. டாக்டர் யோசித்துச் சீட்டில் எழுதினார்: கம்பளிக் காலுறை, ஒரு ஜோடி, குளிருக்குக் காரணமானவர் தம் கையால் பின்னியது, எப்போதும் அணியவும். மருந்துக்கடைக்காரர் சீட்டைப் படித்துவிட்டு, இந்த மருந்து தங்களிடம் வருவதில்லை என்று குழாய்க்காரரைப் பார்த்தபடி திருப்பிக் கொடுத்தார்.

அன்றைக்கே மனைவி கெடு வைத்தாள். குரலை உயர்த்தவில்லை; அவள் குரலை உயர்த்தியிருந்தால் அவருக்குக் கொஞ்சம் தைரியம் இருந்திருக்கும். "மாசக் கடைசி வரைக்கும் பாப்பேன். கால் சூடாகலைன்னா தங்கச்சி வீட்டுக்குப் போயிடுவேன். அவ வீட்டுல தகரக் கூரை, தானா உருகிடும். போனா, விருந்துக்குப் போன மாதிரி திரும்பி வர மாட்டேன்." குழாய்க்காரர் பேச வாயெடுத்தார். "நாளைக்குன்னு மட்டும் சொல்லாதீங்க" என்றாள். சொல்ல இருந்தது அதுதான் என்பதால் அவர் வாயை மூடிக்கொண்டார்.

ஊசியில் பின்ன அவருக்கு விரல் வளையவில்லை. இருபத்தாறு வருடம் இரும்பைப் பிடித்த விரல்கள், ஊசியைக் கண்டதும் முறுக்கித் திறக்கப் பார்த்தன. ஆகவே கம்பளி நூல் கடையில் தொங்கிய வட்டச் சட்டத்தைப் பார்த்துவந்து, நாலங்குலப் பிளாஸ்டிக் குழாயில் ஒரு சாண் வெட்டி, விளிம்பைச் சுற்றி இருபத்துநான்கு ஆணிகளை அடித்துத் தாமே ஒரு பின்னல் சட்டம் செய்தார். ஒவ்வொரு ஆணியிலும் நூலை ஒரு சுற்றுச் சுற்ற வேண்டும். அதன்மேல் இன்னொரு சுற்று. பிறகு கொக்கியால் கீழ்ச் சுற்றைத் தூக்கி, மேல் சுற்றின் தலைக்கு மேலாக ஆணிக்குப் பின்னால் தள்ள வேண்டும். இருபத்துநான்கும் முடிந்தால் ஒரு வரிசை. வேலை அவ்வளவுதான், பார்ப்பவருக்கு. குழாய்க்காரர் பழக்கதோஷத்தில் ஒவ்வொரு சுற்றையும் மூட்டுக்கு நாடா சுற்றுவதுபோல் இழுத்து இறுக்கினார். கொக்கி நுழையவில்லை. இடுக்கியை வைத்து நிமிண்டினார். ஆணிகள் ஒவ்வொன்றாக உள்பக்கம் சாய்ந்து, ரகசியம் பேசுபவர்கள்போல் தலைகளைச் சேர்த்துக்கொண்டன.

வார விடுமுறைக்கு அக்காவைப் பார்க்க வந்த மச்சினி இதைக் கண்டு, சிரிப்பை அடக்க அடுத்த அறைக்குப் போய்விட்டுத் திரும்பி வந்தாள். அவள் காலுறை ஆலையில் வேலை பார்க்கிறவள். ஆனால் அவளுக்குத் தெரிந்தது காலுறையின் நுனி மட்டும். விரல் பக்கத்தை மூடும் பிரிவில் பதினைந்து வருடம். மேலே என்ன நடக்கிறது என்பது வேறு பிரிவு.

"நூலை இறுக்காதீங்க அத்தான், இது நட்டு இல்ல. லூசா விடுங்க. நீங்க நெருக்கினா அது எப்படி மூச்சு விடும்?"

"லூசா விட்டா லீக் ஆகும்."

"ஆகட்டுமே. வீட்டுல லீக் ஆகுறது உங்களுக்கு என்ன புதுசா?"

அடுத்த அறையில் மனைவி சிரித்தாள். பல மாதங்களில் அதுவே முதல் சிரிப்பு. அதற்காகவே குழாய்க்காரர் நூலைத் தளர்த்தினார். பின்னல் உடனே ஓடத் தொடங்கியது. நான்கு நாட்களில் சட்டத்தின் அடியிலிருந்து சாம்பல் நிறக் கம்பளி, குழாயாக இறங்கி முழங்கால் நீளத்தைத் தொட்டது. பத்தாம் நாள் இரண்டு காலுக்கும் ஆயிற்று. இங்கேதான் அவர் அந்தத் தவறைச் செய்தார், அல்லது அவர் தொழில் செய்தது. நுனியை மூட வேண்டும் என்று மச்சினி சொல்லிவிட்டுத்தான் போயிருந்தாள். அவர் மூடவில்லை. குழாய் என்றால் இரண்டு பக்கமும் திறந்திருக்க வேண்டும். ஒரு பக்கம் மூடியிருந்தால் அதற்குப் பெயர் அடைப்பு. அடைப்பை எடுப்பதற்குத்தான் ஊர் அவரைக் கூப்பிடுகிறது. தம் கையாலேயே ஒரு அடைப்பை உண்டாக்குவதா? குதிகாலுக்கு ஒரு வளைவு வைப்பதைப் பற்றியும் அவர் யோசிக்கவில்லை. நேராக ஓட வேண்டியதற்கு எதற்கு முழங்கை மூட்டு?

மாட்டிப் பார்த்தார்கள். காலுறை நொறுங்கவில்லை. திறந்த நுனியிலிருந்து குளிர், வெள்ளைப் புகையாக, அளவான அழுத்தத்தில் கொட்டத் தொடங்கியது. குழாய்க்காரருக்கு முகம் மலர்ந்துவிட்டது. ஓடுகிற ஒன்றை எங்கே விடுவது என்பது அவருக்குக் கைவந்த கலை. அன்றே தொடர்ந்து பின்னினார். கம்பளிக் குழாய்கள் இரண்டும் அறையைக் கடந்து, ஜன்னலில் ஏறி, சுவரில் இறங்கித் தெருச் சாக்கடைக்குப் போய்ச் சேர்ந்தன. அரை அடிக்கு ஒரு கிளிப் அடித்தார். சரிவு சரியாக இருக்கிறதா என்று வாட்டம் பார்த்தார். வேலை படு சுத்தம்.

அந்தக் கோடையில் அந்தத் தெரு மட்டும் போர்வை போர்த்திக்கொண்டது. சாக்கடையில் கொசு இல்லை. தவளைகள் இரண்டு உறைந்து, சனிக்கிழமை வெயிலில் எழுந்து போயின. ஐஸ்காரர் தொழிலை விட்டுவிட்டுக் குடை ரிப்பேர் கற்றுக்கொண்டார். பக்கத்துத் தெருக்காரர்கள் தங்களுக்கும் ஒரு இணைப்பு கேட்டு வந்தார்கள். குழாய்க்காரர் சட்டத்தைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு, நடந்துகொண்டே பின்னினார். கைகள் கற்றுக்கொண்டுவிட்டன, கண் பார்க்காமலே ஒரு மணிக்கு ஒரு முழம். டீக்கடையில் எழுந்து நின்று இடம் கொடுத்தார்கள். இதற்கெல்லாம் நடுவில், அவர் மனைவி ஜன்னலோரம் இரண்டு குழாய்களின் தொடக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். எழுந்தால் கிளிப் பிடுங்கும் என்பதால் எழவில்லை. கால்கள் ஒரு பொட்டும் சூடாகவில்லை. கொட்டக் கொட்டக் குளிர் ஊறியது.

"ஏங்க, நான் பொண்டாட்டியா, மொட்டைமாடித் தண்ணித் தொட்டியா?"

"பக்கத்துத் தெரு இணைப்பு மட்டும் முடியட்டும். நாளைக்கு..." என்றவர் பாதியில் நாக்கைக் கடித்துக்கொண்டார். ஆனால் நாக்கு தன் வேலையை முடித்திருந்தது.

மாதக் கடைசி வியாழக்கிழமை. குழாய்க்காரர் பக்கத்துத் தெருவில் வாட்டம் பார்த்துக்கொண்டிருந்தபோது அவள் ஒரு பெட்டியும் தையல் டப்பாவும் எடுத்துக்கொண்டு கிளம்பினாள். காலுறையைக் கழற்றவில்லை, அப்படியே நடந்தாள். குழாய்களின் மறுமுனை கிளிப்பில் மாட்டியிருந்ததால், அவள் நடக்க நடக்கப் பின்னல் வரிசை வரிசையாகப் பிரிந்தது. நான்கு தெரு, ஒரு பாலம், மறுபடி இரண்டு தெரு. தங்கை வீட்டுப் படியேறியபோது கணுக்காலைச் சுற்றி இரண்டு விரல் அகலம்தான் மிச்சமிருந்தது. அவளுக்குப் பின்னால் ஊர் முழுக்க இரட்டைச் சாம்பல் நூல் கிடந்தது. வண்டிகள் பார்த்து ஒதுங்கிப் போயின.

குழாய்க்காரர் வீட்டுக்கு வந்தார். ஜன்னல் காலியாக இருந்தது. நாற்காலிக்கு அடியில் வெண்ணெய் உருகிப் பரவியிருந்தது. தண்ணீர் குடிக்கலாம் என்று சமையலறைக்குப் போனவர், அவள் நிற்கும் இடத்தில், கல்யாணமான நாளாக முதல்முறையாக, வெறுங்காலோடு நின்றார். இடது பாதத்தில் ஒரு துளி விழுந்தது. மண்டை உச்சிவரை ஏறியது. சற்றுப் பொறுத்து வலது பாதத்தில் ஒன்று. அவர் அரை மணி நேரம் அங்கேயே நின்றார். பிறகு குனிந்து, மூட்டைக் கழற்றி, ஒரு வாஷரை மாற்றினார். ஆறு நிமிட வேலை. பதினோரு வருடத்தையும் ஆறு நிமிடத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்த மனிதர், சமையலறைத் தரையில் உட்கார்ந்து கொஞ்சம் அழுதார் என்று ரொட்டிக்கடைக்காரர் சொல்கிறார். அழவில்லை, முகத்தில் தண்ணீர் தெறித்தது என்று குழாய்க்காரர் சொல்கிறார். வாஷர் மாற்றுமுன் வால்வை மூடத் தெரியாதவரா அவர்? அழுதிருக்கிறார்.

அதன்பின் ஜன்னல் கிளிப்பிலிருந்து இரண்டு நூல்களையும் எடுத்துச் சுற்றத் தொடங்கினார். சுற்றிக்கொண்டே நடந்தார். தெருக்காரர்கள் காலைத் தூக்கி வழிவிட்டார்கள். பாலத்தில் ஒரு ஆட்டின் கொம்பிலிருந்து விடுவித்தார். நூலின் மறுமுனைக்கு வந்து சேர்ந்தபோது உருண்டை பூசணிக்காய் அளவு இருந்தது, அவர் தகரக் கூரை வீட்டின் வாசலில் நின்றார்.

"குழாயைச் சரிபண்ணிட்டேன்" என்றார்.

மச்சினிதான் வந்தாள். "அதைக் கேக்க இங்க யாரும் இல்ல. சாக்ஸ் எங்க?"

படியிலேயே உட்கார்ந்து பின்னினார். இரண்டு நாள். இம்முறை கணுக்கால் வந்ததும் நின்று, பாதி ஆணிகளை விட்டுவிட்டு மீதிப் பன்னிரண்டில் மட்டும் போவதும் வருவதுமாக, ஒவ்வொரு நடைக்கும் ஓரத்தில் ஒரு ஆணி குறைத்து, நான்கானதும் திரும்ப ஒவ்வொன்றாகச் சேர்த்தார். பின்னல் தானாக வளைந்து ஒரு கிண்ணமாகக் குழிந்தது. அதற்குள் ஒரு குதிகால் உட்காரும் என்பது பார்த்ததுமே தெரிந்தது. அவர் அதைக் கையில் வைத்து வெகுநேரம் பார்த்தார். எத்தனையோ முழங்கை மூட்டு மாட்டியிருக்கிறார். ஒன்றையும் இப்படிப் பார்த்ததில்லை.

கடைசியில் நுனி வந்தது. இருபத்துநான்கு வளையங்களிலும் நூலைக் கோத்து, பையின் வாயைச் சுருக்குவதுபோல் இழுத்து முடிய வேண்டும். அவர் கை நின்றுவிட்டது.

"மூடுங்க அத்தான்."

"அழுத்தம் ஏறும். வெடிச்சுடும்."

"ஒரு நாளைக்கு ஆயிரத்து இருநூறு வாயை மூடுறவ நான். இதுவரைக்கும் ஒண்ணும் வெடிக்கல. மூட முடியாதது உங்க வாய் ஒண்ணுதான்."

உள்ளேயிருந்து மனைவியின் குரல் வந்தது: "அவரை விடு. பயந்தா பயந்துட்டுப் போகட்டும். நான் பாத்துக்கறேன்." வந்து அவர் எதிரில் படியில் உட்கார்ந்து, காலை அவர் மடியில் நீட்டினாள். மடி விறைத்தது, அவர் நகரவில்லை. கண்ணை மூடிக்கொண்டு வலது நுனியை இழுத்து முடிந்தார். எதுவும் வெடிக்கவில்லை. தகரக் கூரை மட்டும் ஒருமுறை சடசடத்தது. இடது நுனிக்கு வந்தபோது, பெருவிரல் பக்கம் ஒரே ஒரு வளையத்தை மட்டும் கோக்காமல் விட்டார்.

"இது என்ன ஓட்டை?"

"காத்துப் போக. எந்த லைனுக்கும் ஒண்ணு விட்டே ஆகணும்."

அவள் ஓட்டையையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு பெட்டியை எடுத்து அவர் கையில் கொடுத்தாள்.

பதினோராம் நாள் பாதங்கள் சூடாயின. டாக்டர் பாதரசத்தை வைத்துப் பார்த்து, சீட்டில் "தொடரவும்" என்று எழுதினார். தெரு பழைய வெயிலுக்குத் திரும்பியது. ஐஸ்காரர் குடைகளை விட்டு ஐஸுக்கு வந்தார். இடது காலுறையின் ஓட்டை வழியாக மட்டும் பென்சில் பருமனுக்கு இன்றும் ஒரு குளிர் இழை வந்துகொண்டிருக்கிறது. ரொட்டிக்கடைக்காரர் காலையில் அரைக் கட்டி வெண்ணெய் அனுப்புவார். அவள் பேப்பர் படித்து முடிப்பதற்குள் அது இறுகிவிடும். மற்ற நேரத்தில் அந்தப் பெருவிரல் வேறொரு வேலைக்குப் பயன்படுகிறது. கதவுக் கீல் முனகினாலோ, ஜன்னல் கொக்கி கழன்றாலோ அவள் கணவரிடம் சொல்வதில்லை. நாற்காலியில் சாய்ந்து, இடது காலை அவர் முதுகுக்கு நேராக நீட்டிக்கொள்வாள். பின்கழுத்தில் ஜில்லென்று பட்டதும் குழாய்க்காரர் எழுந்து, திரும்பிப் பார்க்காமலே, "இன்னிக்கே, இன்னிக்கே" என்று ஸ்பானரைத் தேடுவார்.