நாலு கம்பிச் சுருள்

நூர்கென் வந்தால் எதையாவது எடுத்துக்கொண்டுதான் போவான். மனைவியின் தம்பி கேட்டதை அக்கா புருஷன் மறுக்கக் கூடாது, கரகண்டாவில் அது வழக்கம். அத்தான் குவாத்தின் நரித்தோல் தொப்பி, பெல்ட், மீன்பிடிக்கும்போது உட்காரும் நாற்காலி எல்லாம் அப்படிப் போனவைதான். அக்கா மெருயெர்த் இறந்து ஏழு மாதம். வழக்கம் மட்டும் சாகவில்லை.

ஞாயிறு மதியம் வந்தவன் சமையலறை மேசையில் ஒரு பித்தளைக் குழாயை வைத்தான். மின்சிகரெட். சனிக்கிழமை நண்பனின் கல்யாணத்தில் யார் பெரிய புகை விடுவது என்று போட்டியாம். அத்தான் கொஞ்சம் சரிபார்த்துத் தர வேண்டுமாம்.

மின்சிகரெட்டைக் கடைகளில் விற்கக் கூடாது என்றானதிலிருந்து குவாத் தன்னுடையதற்கு வேண்டிய, சூடேறிப் புகையெழுப்பும் சுருள்களைத் தானே சுற்றிக்கொள்கிறான். மெல்லிய ஆணியில் கம்பியை ஏழு சுற்று சுற்றி, திருகில் இறுக்கி, சிவக்கக் காய்ச்சி, நடுவே பஞ்சை நுழைக்க வேண்டும். பத்து நிமிட வேலை. நூர்கென் வீடியோ பார்த்துக் கற்றிருந்தான். மூடியைத் திறந்தால், கன்றுக்குட்டி மென்று துப்பியதுபோல நாலு கம்பிகளை முறுக்கி அடைத்திருந்தான்.

குவாத் அதன் மின்தடையை அளந்து பார்த்தான். ஓமில் நூறில் ஆறு பங்குகூடத் தேறவில்லை. சுருளின் மின்தடை குறையக் குறைய பாட்டரி வெறிபிடித்ததுபோல மின்சாரத்தைக் கக்கும், சூடேறி வெடிக்கவும் கூடும். இந்தக் குழாயில் அதைத் தடுக்க ஒன்றுமே இல்லை. பாட்டரியை வெளியே எடுத்தான். மேலுறை கிழிந்திருந்தது. அதன்மேல் செல்லோடேப்.

"கையிலயே சுடுது அத்தான். அவ்வளவு பவர்."

"எங்க வச்சிருப்ப இதை?"

"ஜீன்ஸ் பாக்கெட்லதான். சாவியோட."

குவாத் அந்த முகத்தைப் பார்த்தான். இருபத்தாறு வயதாகியும் உள்ளே எதுவும் குடியேறாத முகம். அக்காவின் நாற்பதாம் நாள் சாப்பாட்டின்போதுகூடப் பால்கனியில் நின்று புகைவளையம் விட்டுக்கொண்டிருந்த முகம். மேலுதடு மட்டும் மெருயெர்த்துடையது. வீணாக அங்கே போய் ஒட்டியிருந்தது.

ஒன்றும் சொல்லாமல் கொடுத்தனுப்பலாம். வெடித்தால் முதலில் போவது அந்த உதடுதான்.

நாலு கம்பியையும் வெட்டி எறிந்தான். ஒற்றைக் கம்பியில் எட்டுச் சுற்று சுற்றிப் பொருத்தி, தன் பாட்டரியைப் போட்டுக் கொடுத்தான். பழைய பாட்டரி தீப்பிடிக்காமலிருக்க, அதைப் பால்கனியில் இருந்த மணல் டப்பாவுக்குள் புதைத்தான்.

நூர்கென் இழுத்து ஊதிப் பார்த்தான்.

"டீ கெட்டிலே இதைவிட நல்லா ஊதும். என் பாட்டரியைக் குடுங்க அத்தான். மச்சினன் கேக்கறேன்."

"மாட்டேன்."

இந்த வீட்டில் நூர்கென் அந்தச் சொல்லைக் கேட்டதில்லை. அக்கா போனதும் உறவும் போய்விட்டதா என்றான். அம்மாவிடம் சொல்லப்போவதாகக் குதித்தான்.

"சொல்லு. உங்கம்மா ஒரு பிள்ளையப் பொதைச்சாச்சு. இன்னொரு குழிக்கு நான் மண்வெட்டி தூக்க மாட்டேன். அதுவும் உன்ன மாதிரி ஒருத்தனுக்கு."

நூர்கென் பூட்ஸை மாட்டிக்கொண்டான். போகிற போக்கில் கொக்கியில் தொங்கிய குவாத்தின் மஃப்ளரை உருவிக்கொண்டான். அதைக் குவாத் மறுக்கவில்லை.

ஜன்னல் வழியே பார்த்தான். முற்றத்துப் பனியில் நின்று நூர்கென் மறுபடி ஊதினான். கரகண்டா குளிரில் வெறும் மூச்சே மேகமாகக் கிளம்பி அவன் தலையை மறைத்தது. எல்லாம் சுருளின் வேலை என்று நம்பி, மேலே பார்த்துக் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினான், முட்டாள்.