திருத்தாத படம்

தூசி தேடும்போது மட்டும் அவர் மூச்சைப் பிடித்துக்கொள்வார். கணினியில் படத்தின் கறுப்பு வெளுப்பு வித்தியாசத்தைக் கடைசி வரை ஏற்றிவிட்டால், சாதுவான நீல வானம்கூடப் புயல் பிடித்த மாதிரி திட்டுத் திட்டாக இருண்டுபோகும். கேமராவுக்குள் ஒட்டியிருக்கும் தூசியெல்லாம் அப்போதுதான் புள்ளி புள்ளியாக வெளியே வரும். இன்று காலை எடுத்த படத்தில் ஒரே ஒரு புள்ளிதான். தரையை விட்டு அப்போதுதான் எழும்பிய விமானத்தின் பின்சக்கரங்களுக்குக் கொஞ்சம் கீழே, மிளகு அளவுக்கு. "வந்துட்டியா, ராசா" என்று முணுமுணுத்தபடி அதன்மேல் ஒரு முறை சொடுக்கினார். பக்கத்து வானம் வந்து அந்த இடத்தை மூடிக்கொண்டது. புள்ளி இருந்த சுவடே இல்லை.

பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவர் அவர். காலையில் பிள்ளைகளை இறக்கிவிட்டு, சாயங்காலம் மறுபடி ஏற்றுகிற வரைக்கும் நடுவில் கிடக்கிற பொழுதை விமான நிலையத்து வேலிக்கு எழுதிவைத்துவிட்டார். மைத்துனன் அவருக்கு வைத்திருக்கிற பெயர் கொக்கு. "கொக்காவது ஒரு மீனோட திரும்பும் மச்சான், நீங்க வெறுங்கையோட வர்றீங்களே" என்பான். அவன் சொல்வதிலும் தப்பில்லை. விமானப் பைத்தியங்களெல்லாம் படம் போடுகிற தளம் ஒன்று இருக்கிறது. அதில் படங்களைப் பரிசோதிக்கிறவர்கள் மாமியாருக்கு மாமியார். இதே விமானத்தை முன்பு எடுத்த படத்தை முதலில் அனுப்பியபோது, அடிவானம் சாய்ந்திருக்கிறது என்று தள்ளினார்கள். நிமிர்த்தி அனுப்பினார், தூசி என்றார்கள். துடைத்து அனுப்பினார், அளவுக்கு மீறிக் கூர்மையாக்கியிருக்கிறீர்கள் என்றார்கள். இன்னொரு தடவை தள்ளும்படி ஆனால் கொஞ்ச காலத்துக்கு நீங்கள் படமே அனுப்ப முடியாது என்று அதன் அடியில் ஒரு மரியாதையான மிரட்டல் வேறு.

வேறு விமானமாக இருந்தால் விட்டிருப்பார். இது அவர் மனைவியின் விமானம். அதாவது, விமான மெக்கானிக்கான அவள், மேற்பார்வைக்கு ஆளில்லாமல் முதன்முதலாகத் தானே பரிசோதித்துக் கையெழுத்துப் போட்டு அனுப்பியது இதைத்தான். அன்று வீட்டுக்கு வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல் நின்றுகொண்டு சிரித்தாளே, அந்தச் சிரிப்புக்கு ஒரு படம் வேண்டும் என்று அவருக்கு ஆசை. உலகம் பார்க்கிற இடத்தில் அது ஏறியபிறகு, "பாரு, உன் வண்டி" என்று காட்டவேண்டும். இரவு வேலை முடிந்து வந்தவள் உள்ளறையில் திரைச்சீலையை இழுத்துவிட்டுத் தூங்குகிறாள். இன்று காலை அவள் கடைசியாக அனுப்பிவைத்துவிட்டு வந்ததும் இதே விமானம்தான்.

எதற்கும் இருக்கட்டும் என்று அடுத்த படத்தையும் திறந்தார். ஒரே மூச்சில் வரிசையாக எடுத்தவைதான் எல்லாம். அதிலும் புள்ளி இருந்தது. ஆனால் இடம் மாறி, இன்னும் கீழே, சற்றுப் பின்னால். அதற்கடுத்த படத்தில் அதைவிடக் கீழே.

சொடுக்கப்போன விரல் நின்றது. கேமராவில் ஒட்டிய தூசி நகராது. நூறு படம் எடுத்தாலும் படச்சட்டத்தில் அதே மூலையில் அட்டை மாதிரி உட்கார்ந்திருக்கும். இதுவோ விழுந்துகொண்டிருக்கிறது.

பறவையாக இருக்கட்டும் கடவுளே என்று வேண்டிக்கொண்டே பெரிதாக்கினார். சிறகு இல்லை. ஓரம் பிய்ந்து சுருண்ட கறுப்புப் பட்டை. அதற்கு மேலே, இடது பக்கத்துப் பின்சக்கரத்தின் வட்டத்தில், ரொட்டியைக் கடித்த மாதிரி ஒரு வாய் பறிபோயிருந்தது. கடிகாரத்தைப் பார்த்தார். விமானம் கடலுக்கு மேலே இருக்கும். பொழுது சாயும்போதுதான் இறங்கும். இறங்குகிறபோதுதான் அந்தச் சக்கரத்துக்கு வேலை.

உள்ளறைக்குப் போய் அவள் தோளைத் தொட்டார்.

"எழுந்திரும்மா."

"வேன் பஞ்சரா?" என்றாள், கண்ணைத் திறக்காமலே.

"இல்ல. நீ வந்து ஒண்ணு பாக்கணும்."

போர்வையைச் சுற்றிக்கொண்டே வந்து நாற்காலியில் உட்கார்ந்தாள். "அந்தத் தூசி ராசாவைக் காட்டத்தான் எழுப்பினீங்களா? தூங்கி முழுசா..." பேச்சு பாதியில் நின்றது. படங்களை ஒவ்வொன்றாகத் தள்ளினாள். திரும்பவும் முதலிலிருந்து தள்ளினாள். பிறகு கைகளை மடியில் வைத்துக்கொண்டாள்.

"டயர்ல ஒரு வெட்டு இருந்துச்சு" என்றாள். "டார்ச் அடிச்சுப் பாத்தேன். ஆழம் அளந்தேன். விடலாம்ங்கற அளவுக்குள்ளதான் இருந்துச்சு. மயிரிழைதான்."

ஏன் விட்டாள் என்று கேட்காமலே அவருக்குத் தெரியும். போன மாதம் இப்படித்தான் ஒரு வெட்டைப் பார்த்து ஒரு விமானத்தை நிறுத்தினாள். சக்கரத்தைக் கழற்றிப் பார்த்தால் ஒன்றுமே இல்லை. பயணிகளெல்லாம் கத்தித் தீர்த்தார்கள். மேலதிகாரி எல்லோர் முன்னாலும், "உங்களுக்குக் கண்ணு இருக்கா, இல்ல பயம் மட்டும்தான் இருக்கா?" என்று கேட்டார். அதிலிருந்து வீட்டில் அடுப்பை அணைத்தோமா என்றுகூட இரண்டு தடவை போய்ப் பார்க்கிறவளாகிவிட்டாள்.

"ஓடுபாதையில விழுந்திருந்தா இதுக்குள்ள பாத்திருப்பாங்க" என்றாள். "இது அதுக்கு அந்தாண்ட, புல்லுக்குள்ள விழுந்திருக்கு. யாருக்கும் தெரியாது." பிறகு திரையைப் பார்த்தபடியே, "இந்தப் படத்த யாருக்காவது அனுப்பிட்டீங்களா?"

"இல்ல."

"அழிச்சா தெரியுமா?"

"தெரியாது" என்றார். "தள்ளித் தள்ளி விட்டாங்கல்ல, இதுல நான் கெட்டிக்காரன் ஆயிட்டேன்."

அவள் முகத்தை அவர் பார்க்கவில்லை. பார்த்தால் அதுவே ஒரு வற்புறுத்தல் ஆகிவிடும் என்று பயந்தார். பெரும்பாலும் பத்திரமாகத்தான் இறங்கும் என்று மனசின் ஒரு பக்கம் சமாதானம் சொல்லிக்கொண்டே இருந்தது. ஒரு சக்கரம் போனால் பக்கத்துச் சக்கரம் தாங்கும் என்று அவளேதான் எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறாள். அதை இன்று அவள் சொல்லவில்லை என்பதுதான் அவரைப் பயமுறுத்தியது.

"போனை எடுங்க" என்றாள்.

எடுத்துக் கொடுத்தார். எண்ணை அழுத்திக் காதில் வைத்துக்கொண்டு, அவர் சட்டையின் ஓரத்தை இன்னொரு கையால் பிடித்துக்கொண்டாள், கூட்டத்தில் குழந்தை பிடித்துக்கொள்வது போல. எதிர்முனையில் யாரோ எடுத்தார்கள். தன் பெயரைச் சொன்னாள், விமானத்தின் எண்ணைச் சொன்னாள். "இடது பக்கம், பின்னால, வெளிச் சக்கரம். ரப்பர் பிஞ்சு விழுந்திருக்கு. பைலட்டுக்குச் சொல்லணும், இப்பவே... ஆமா சார், வெட்டு பாத்தேன். நான்தான் பாத்தேன். நான்தான் விட்டேன்." அதைச் சொல்லும்போது மட்டும் குரல் ஒரு படி கீழே இறங்கி, திரும்ப ஏறியது.

பிறகு போனைக் கையால் பொத்திக்கொண்டு அவர் பக்கம் திரும்பினாள். "படம் கேக்கறாங்க. எதுவும் தொடாம, எடுத்தது எடுத்தபடி."

அவர் திருத்தங்களை ஒவ்வொன்றாகப் பின்னுக்குத் தள்ளினார். தீட்டிய கூர்மை மழுங்கியது. ஏற்றிய வெளிச்சம் மங்கியது. பாடுபட்டு நிமிர்த்திய அடிவானம் பழையபடி ஒருக்களித்துக்கொண்டது. கடைசியாக, மூடியிருந்த வானம் விலகி, புள்ளி தன் இடத்துக்கு வந்தது. இத்தனை குறையோடு ஒரு படத்தை அவர் யாருக்கும் காட்டியதில்லை. அனுப்பினார். அவள் இன்னும் சட்டையை விடவில்லை. திரையின் அடியில் நீலக்கோடு கொஞ்சம் கொஞ்சமாக நகர்ந்தது. அதற்கு மேலே, சாய்ந்த வானத்தில் விமானம் மூக்கைத் தூக்கி ஏறிக்கொண்டிருந்தது. அதற்குக் கீழே, இன்னும் தரையைத் தொடாமல், அந்தக் கறுப்புத் துணுக்கு.