ரெண்டு சீட்டு வண்டி

இன்ஜின் உறுமியதும் கூடியிருந்தவர்கள் எல்லாரும் கைதட்டினார்கள். பஞ்சநாதனும் தட்டினார். கை பாட்டுக்குத் தட்டிக்கொண்டிருந்தது, வயிறு பாட்டுக்கு எரிந்துகொண்டிருந்தது.

எரியாமல் என்ன செய்யும்? அது அவருடைய கார். அதாவது, போன வருடம் வரைக்கும் அவருடைய கார். கோவாவில் எப்போதோ கொஞ்ச காலம் செய்து நிறுத்திவிட்ட, இரண்டே பேர் உட்காரக்கூடிய, கூரையைப் பின்னால் மடித்துப் போட்டுவிட்டு ஓட்டுகிற ஸ்போர்ட்ஸ் கார். தஞ்சாவூரில் ஒரு டாக்டர் வீட்டு போர்ட்டிகோவில் தூசி படிந்து நின்றதைப் பார்த்து, பார்த்த மாத்திரத்தில் மயங்கி வாங்கினார். பேட்டரிக் கடை வைத்திருக்கிறவர். வயர், கனெக்‌ஷன் எல்லாம் அவருக்குக் கைவந்த கலை. இன்ஜினும் அப்படித்தான் இருக்கும் என்று நினைத்துவிட்டார். யூடியூபைப் பார்த்துப் பார்த்துத் தானே கழற்றினார். ரேடியேட்டருக்குப் புது ஃபேன் வாங்கி மாட்டினார். ஸ்டீயரிங்குக்குத் தோல் உறை தைத்துப் போட்டார். எல்லாவற்றையும் திரும்பப் பூட்டி முடித்தபோது கையில் ஒரு பிடி போல்ட்டு மிச்சம் இருந்தது, வண்டி கிளம்பவில்லை. பிறகு மீன் லாரியில் ஏற்றி மல்லிப்பட்டினத்தில் மாமனார் துரைக்கண்ணுவின் ஐஸ் கொட்டகை ஓரமாக இறக்கினார்கள். அங்கே அது தார்ப்பாயைப் போர்த்திக்கொண்டு கோழிகள் முட்டையிடும் இடமாக வருடக்கணக்கில் கிடந்தது.

அந்தத் தார்ப்பாயை விலக்கிப் பார்த்தவன் மணிவண்ணன். பஞ்சநாதனின் சகலை. மனைவி சந்திரலேகாவின் தங்கை ஜீவிதாவைக் கட்டியவன். கடற்கரையில் ஃபைபர் படகுகளுக்கு ஓட்டை அடைப்பதும், அணியம் என்கிற படகின் முன்மூக்கு உடைந்தால் கட்டிக் கொடுப்பதும் அவன் தொழில். பொங்கலன்று குடும்பமே வரிசையாக உட்கார்ந்து சாப்பிடுகிற நேரத்தில் கேட்டான்.

"அண்ணே, அந்த வண்டி பாடி ஃபைபருதானே? நான் கொஞ்சம் தொட்டுப் பாக்கவா?"

"தொட்டுப் பாக்குறது என்ன தம்பி, நீங்களே வச்சுக்கங்க. எனக்கு எங்க நேரம் இருக்கு?"

மாமனார் மாமியார் முன்னால் அப்படிச் சொல்வதில் ஒரு பெருமை இருந்தது. ஆர்.சி. புத்தகத்தில் பெயரையும் மாற்றிக் கொடுத்தார். என்னாலேயே ஆகாதது இவனாலா ஆகப்போகிறது என்பதுதான் உள்ளுக்குள் இருந்த நினைப்பு. வாய் கெடுத்த வேலை அது, வேறு யாரைக் குற்றம் சொல்ல?

ஞாயிற்றுக்கிழமையானால் பஞ்சநாதன் தஞ்சாவூரிலிருந்து பஸ் ஏறி வந்துவிடுவார். உதவி செய்ய அல்ல, குறை கண்டுபிடிக்க. மணிவண்ணன் படகுக்குப் போடுகிற அதே ஃபைபர் பாயை வெட்டி வைத்து, ரெசினைத் தடவி, பாடியில் இருந்த விரிசலையெல்லாம் இருந்த இடம் தெரியாமல் செய்திருந்தான். கிழிந்த கூரைத் துணியை வலை கட்டுகிற நரம்பால் தைத்திருந்தான். இன்ஜினுக்கு வேண்டிய சாமான் சிலவற்றை வேறு கம்பெனிக் காரிலிருந்து பொருத்திப் பார்த்து, பொருந்தாததை ராவிப் பொருத்தியிருந்தான். பழைய மஞ்சள் விளக்குக்குப் பதிலாக எல்.இ.டி., பாட்டுக்கு ப்ளூடூத் வேறு. பஞ்சநாதன் மாட்டியிருந்த ஃபேன் மட்டும் புதிதாக இருந்ததால் அதைக் கழற்றித் துடைத்து, வயரை இருந்தபடியே செருகிவிட்டான்.

"நீலம் கொஞ்சம் தூக்கலா இருக்கே தம்பி?"

"ஆமாண்ணே, போட்டுக்கு வாங்குன பெயிண்ட்டு மிச்சம் இருந்துச்சு."

"சீட்டு கொஞ்சம் தணிஞ்ச மாதிரி..."

"ஆமாண்ணே, எனக்கும் அப்படித்தான் பட்டுச்சு."

சண்டைக்கு வந்தால்கூடப் பதிலுக்கு நாலு வார்த்தை பேசி ஆறுதல் அடையலாம். எதைச் சொன்னாலும் ஆமாம் என்கிற மனிதனை வைத்துக்கொண்டு என்ன செய்வது? பஞ்சநாதன் கடைசிப் பஸ்ஸுக்கு முந்தின பஸ்ஸைப் பிடித்து ஊர் திரும்புவார், அடுத்த ஞாயிறு மறுபடியும் வருவார்.

இப்போது இன்ஜின் உறுமிவிட்டது. கைதட்டல் அடங்குவதற்குள் துரைக்கண்ணு நடுவில் வந்து நின்றார்.

"நம்ம சபரி மாப்பிள்ளை அழைப்பு இந்த வண்டியிலதான். பொண்ணு ஊரு பேராவூரணி, அந்தக் கடைத்தெருவே நின்னு பாக்கணும்!"

சபரிநாதன் அவருக்கு ஒரே மகன். இரண்டு அக்காக்களுக்கும் செல்லத் தம்பி. அவன் சிரித்தபடி ஏறி உட்கார்ந்து பார்த்தான். பக்கத்து சீட்டில், ஸ்டீயரிங்கைப் பிடித்தபடி மணிவண்ணன். பஞ்சநாதன் அந்த இரண்டு சீட்டையும் மாறி மாறிப் பார்த்தார். மூன்றாவது சீட்டு எங்கேயும் இல்லை.

அந்த வீட்டில் ஒரு வழக்கம் உண்டு. மாப்பிள்ளை அழைப்பு ஊர்வலத்தில் மணமகனுக்குப் பக்கத்தில் உட்காருகிற உரிமை மூத்த அக்காள் புருஷனுக்கு. தோளில் பட்டுத் துண்டு, கழுத்தில் மாலை, ஊர் கண் முழுக்க அவர் மேல். கல்யாணம் பேசிய நாளிலிருந்தே பஞ்சநாதன் அந்த மாலைக்காகக் கழுத்தைத் தயார் செய்து வைத்திருந்தார். இப்போது தாம் தானமாகக் கொடுத்த காரில், தமக்கு உரிய இடத்தில், இளைய சகலை உட்கார்ந்து போகப் போகிறான். தாம் பின்னால் தட்டு தூக்குகிற பெண்களோடு நடந்து வர வேண்டும். இதை யாருமே யோசிக்கவில்லை என்பதுதான் அவருக்கு இன்னும் ஆறவில்லை.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் கொட்டினார்.

"ரெண்டு சீட்டு வண்டியில எனக்கு எங்க இடம்?"

"டிக்கியில உக்காந்துக்கங்க" என்றாள் சந்திரலேகா. பிறகு முகத்தைப் பார்த்துவிட்டு, "வேணாம்னு குடுத்தது யாரு? நீங்கதானே. வைக்கப்போர் நாயாட்டம் தானும் திங்காம, மாட்டையும் திங்க விடாம, என்னங்க இது?" என்றாள்.

கட்டியவளே இப்படிச் சொன்னால் ஒரு மனிதன் எங்கே போவான்? அடுத்த ஞாயிறு மல்லிப்பட்டினத்துக்குத்தான் போனார்.

மணிவண்ணன் கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஓட்டிவிட்டு அப்போதுதான் திரும்பியிருந்தான். "பறக்குதுண்ணே! ஹீட்டே ஏறல" என்றான். இன்ஜினை அணைக்காமலே தண்ணீர் குடிக்க உள்ளே போனான். நம்பர் பிளேட் கோணலாக இருக்கிறதா என்று பார்க்கப் பஞ்சநாதன் காரின் முன்னால் குனிந்தார். உள்ளே ஃபேன் ஓடத் தொடங்கியது. அடுப்பங்கரை வாசலில் நிற்பதுபோல் சூடான காற்று முகத்தில் அடித்தது.

அவருக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஃபேன் வெளிக்காற்றை உள்ளே இழுக்க வேண்டும். இது உள்காற்றை வெளியே தள்ளுகிறது. சிவப்பு வயரும் கறுப்பு வயரும் இடம் மாறினால் இப்படித்தான் தலைகீழாகச் சுற்றும். மாற்றிக் கொடுத்தது வேறு யாரும் இல்லை, பேட்டரிக் கடைக்காரரான அவரேதான். வெளியே தெரிந்தால் கடையில் போணி ஆகாது.

ஆனால் வெட்கம் போன வேகத்தில் வேறொன்று வந்தது. வேகமாக ஓட்டும்போது எதிர்க்காற்றே இன்ஜினை ஆற்றிவிடும். ஃபேன் எப்படிச் சுற்றினாலும் தெரியாது. மல்லிப்பட்டினத்துக்காரர்களுக்குக் கார் என்றால் கடற்கரைச் சாலையில் பறப்பதுதான். நிற்க வைத்து, உருட்டி உருட்டிச் சோதித்துப் பார்க்க யாருக்கும் தோன்றாது. மாப்பிள்ளை அழைப்போ ஆமை நடை. தவில்காரர் நிற்கிற இடத்திலெல்லாம் நிற்க வேண்டும், பையன்கள் ஆடி முடிக்கிற வரைக்கும் காத்திருக்க வேண்டும். பாதிக் கடைத்தெருவில் கொதித்துவிடும். ஊரே பார்க்க, ஸ்டீயரிங்கைப் பிடித்தபடி மணிவண்ணன் விழிப்பான்.

சொம்போடு வெளியே வந்த மணிவண்ணன், "எப்படிண்ணே இருக்கு?" என்றான்.

"குறையே இல்ல தம்பி. பிரமாதம்."

அவர் வாயிலிருந்து வந்த முதல் பாராட்டு அதுதான். மணிவண்ணனுக்கு முகமெல்லாம் மலர்ந்தது. அன்று திரும்புகிற பஸ்ஸில், பல மாதங்களுக்குப் பிறகு, பஞ்சநாதன் நன்றாகத் தூங்கினார்.

கல்யாணத்துக்கு முதல் நாள் சாயங்காலம் பேராவூரணியில் பிள்ளையார் கோவில் வாசலில் கார் நின்றது. நீலத்தின் மேல் சம்பங்கியும் ரோஜாவும். சபரிநாதன் கோட்டு சூட்டோடு ஏறி உட்கார்ந்துவிட்டான். பஞ்சநாதன் கூட்டத்தில் வாகான இடமாகப் பார்த்து நின்றுகொண்டார். அப்போது மணிவண்ணன் நேரே அவரிடம் வந்து சாவியை உள்ளங்கையில் வைத்தான்.

"நீங்க ஓட்டுங்கண்ணே. சபரி பக்கத்துல உக்கார்ற முறை உங்களுக்குத்தானே? ஆரம்பத்துலேருந்தே நான் அப்படித்தான் நெனச்சிருந்தேன். நான் சும்மா ரிப்பேருக்காரன்."

துரைக்கண்ணு பட்டுத் துண்டோடு தயாராக நின்றார். பஞ்சநாதன் இத்தனை நாள் ஏங்கிய இடம், கேட்காமலே கையில் வந்து விழுந்திருக்கிறது. ஏறினால் கொதிக்கப்போவது அவர் கையில். ஊர் சிரிக்கப்போவது அவரைப் பார்த்து. ஃபேனைப் பற்றி இப்போது சொன்னால், போன ஞாயிறே ஏன் சொல்லவில்லை என்பார்கள். சாவி உள்ளங்கையில் சுட்டது.

"வேணாம் தம்பி" என்று திருப்பிக் கொடுத்தார். "உழைச்சவரு நீங்க. நீங்கதான் ஓட்டணும்."

துரைக்கண்ணு துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "மூத்த மாப்பிள்ளைன்னா இவருதான்யா!" என்றார். மணிவண்ணன் குனிந்து அவர் காலைத் தொட்டுவிட்டுப் போய் ஏறினான். கைக்கு எட்டியது வாய்க்கு எட்டவில்லை என்பார்கள்; பஞ்சநாதனோ வாய்க்கு வந்ததைத் தாமே துப்பிவிட்டு நின்றார்.

அவர் கணக்கு பொய்க்கவில்லை. கடைத்தெரு பாதிகூடத் தாண்டவில்லை, முன்பக்கத்திலிருந்து புஸ்ஸென்று ஆவி கிளம்பியது. தவில் நின்றது. வெண்ணெய் திரளும்போது தாழி உடைந்ததே என்று பெரியவர்கள் தலையில் கைவைத்தார்கள். பஞ்சநாதன் எக்கி மணிவண்ணன் முகத்தைத் தேடினார். அந்த முகம் தொங்குவதைப் பார்க்கத்தானே இத்தனையும்!

முகம் தொங்கவில்லை. மணிவண்ணன் இறங்கி, வேட்டியை மடித்துக் கட்டி, துண்டைக் கையில் சுற்றி பானெட்டைத் தூக்கி, முன்னால் கையை நீட்டிப் பார்த்தான். பார்த்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தான்.

"அட, காத்து வெளிய தள்ளுது! ஃபேனு திருப்பிச் சுத்துது மாமா! வயர மாத்திக் குடுத்திருக்கேன் பாருங்க, என்னை மாதிரி மடையன் உண்டா? மாத்துறது ஒரு நிமிச வேலை. ஆனா இன்ஜின் ஆறாம கிளப்ப முடியாது."

யார் மாற்றியது என்று அவன் யோசிக்கக்கூட இல்லை. தன் தப்பு என்று எடுத்துக்கொண்டான், அவ்வளவுதான். நல்ல நேரம் முடிவதற்குள் மண்டபத்துக்குள் நுழைந்தாக வேண்டும். பெண் வீட்டார் வேறு கார் கொண்டுவரப் போனார்கள்.

"வேற காரு எதுக்கு?" என்றான் சபரிநாதன். "படகு தள்ளுற கைக்கு இது ஒரு பாரமா? மணி மச்சான் பின்னால நிக்கட்டும். பஞ்சு மச்சான், நீங்க ஏறி ஸ்டீரிங்கப் புடிங்க!"

நாலு பேர் பஞ்சநாதனைப் பிடித்து ஏற்றிவிட்டார்கள். யாரோ பட்டுத் துண்டைப் போட்டார்கள், யாரோ மாலையைப் போட்டார்கள். இறுதியில் அவர் அந்த சீட்டில் உட்கார்ந்துவிட்டார். கல்யாண வீட்டு கேமரா அவர் பக்கம் திரும்பியது. நெஞ்சை நிமிர்த்தினார்.

பின்னால் குரல் எழும்பியது. "ஏலேலோ ஐலசா!" கரையில் படகைத் தள்ளும்போது போடுகிற அதே குரல். தவில்காரர் ஒரு கணம் திகைத்து, அந்தத் தாளத்தையே பிடித்துக்கொண்டார். கார் நகர்ந்தது. கடைக்காரர்கள் கல்லாவை விட்டு இறங்கி வந்தார்கள். பஞ்சநாதன் கண்ணாடியில் பார்த்தார். நடுவில் மணிவண்ணன், சட்டையெல்லாம் நனைந்து, தலையைப் பின்னால் சாய்த்துக் கத்திக்கொண்டிருந்தான். அவன் தோளில் துரைக்கண்ணுவின் கை. அந்தப் பக்கம் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு ஜீவிதா. ஜீவிதாவுக்குப் பக்கத்தில், கண்ணில் நீர் வர வரச் சிரித்துக்கொண்டு, காரைத் தள்ளிக்கொண்டிருந்தாள் சந்திரலேகா. தம்மோடு குடித்தனம் செய்த இத்தனை வருடத்தில் அவள் அப்படிச் சிரித்து அவர் பார்த்ததில்லை.

"என்னால சும்மா உக்கார முடியல மச்சான்!" என்று சபரிநாதனும் கோட்டைக் கழற்றி எறிந்துவிட்டுக் குதித்துப் பின்னால் ஓடினான்.

மண்டப வாசலில் ஆரத்தித் தட்டோடு பெண்கள் நின்றார்கள். கார் அவர்கள் முன்னால் போய் நின்றது. உள்ளே எட்டிப் பார்த்தார்கள். பட்டுத் துண்டும் மாலையுமாக ஒற்றை ஆளாக உட்கார்ந்திருந்தவரைத் தாண்டிப் பின்னால் போனார்கள். அங்கே மாப்பிள்ளைக்கும் மணிவண்ணனுக்கும் தள்ளி வந்த அத்தனை பேருக்கும் சேர்த்துச் சுற்றினார்கள். இப்படி ஒரு மாப்பிள்ளை அழைப்பை எங்கள் ஊர் பார்த்ததில்லை என்று பெண்ணின் அப்பா மணிவண்ணன் கையைப் பிடித்துக் குலுக்கினார். "வயரு மாறுனது நல்லதாப் போச்சு போங்க!" என்றார்.

பஞ்சநாதனால் அதைத் தாங்க முடியவில்லை. காரையும் வாங்கிக்கொண்டான், பெயரையும் வாங்கிக்கொண்டான். அந்தத் தப்புமா அவனுக்கு? சீட்டில் எழுந்து நின்று, பின்னால் திரும்பிக் கத்தினார்.

"அந்த ஃபேனை மாட்டுனது நான்! வயர மாத்திக் குடுத்தது நான்தான்! மணிவண்ணன் இல்ல!"

எல்லாரும் நிமிர்ந்து பார்த்தார்கள். மணிவண்ணன் முகத்தை வழித்துக்கொண்டு சிரித்தான்.

"பாத்தீங்களா மாமா, எங்க அண்ணன் மனச? என் மானம் போகக் கூடாதுன்னு பழியத் தன் தலையில இழுத்துப் போட்டுக்கிறாரு. பேட்டரிக் கடைக்காரரு செவப்பையும் கறுப்பையும் மாத்திக் குடுப்பாரா? கேக்குறவங்க நம்புவாங்களா?"

ஒருவரும் நம்பவில்லை. துரைக்கண்ணு மறுபடியும் கண்ணைத் துடைத்துக்கொண்டார். சத்தியமாக நான்தான் என்று பஞ்சநாதன் இன்னொரு முறை சொன்னார். அதற்குள் நாதசுரம் எடுத்துவிட்டது, கூட்டம் மாப்பிள்ளையையும் மணிவண்ணனையும் தோளில் தூக்கிக்கொண்டு மண்டபத்துக்குள் போய்விட்டது. வாசல் சரிவாக இருந்தது. பஞ்சநாதன் ஹேண்ட் பிரேக்கை இழுத்துவிட்டு இறங்கினார்.