நாற்பத்தோராம் எடுத்துக்காட்டு

1

இந்தக் கதை எங்கிருந்து வந்தது என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். அறுபது பேர் சேர்ந்து கத்திய ஒரு வாக்கியத்திலிருந்து வந்தது. அந்த அறுபதில் என் தொண்டையும் ஒன்று. கண்டக்டர் ஆக ஆசைப்பட்டவனுக்குத் தொண்டை பலமாக இருந்ததில் ஆச்சரியமில்லை.

வருடம் 1997. கோவில்பட்டி பஸ் நிலையத்துக்குப் பின்னால், சைக்கிள் கடை மாடியில் சோலைராஜ் சாரின் டுட்டோரியல். பத்தாம் வகுப்பு இங்கிலீஷில் விழுந்தவர்கள் ஏறிவரும் மாடிப்படி அது. எனக்கு அப்போது இருபத்துமூன்று வயது. கண்டக்டர் லைசென்ஸ் வேண்டுமென்றால் பத்தாம் வகுப்பு பாஸ் ஆகியிருக்க வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள்.

(இது நான்காவது தொடக்கம். முதல் தொடக்கம் 'கரிசல்காட்டின் மீது வெயில்' என்று ஆரம்பித்து அங்கேயே நின்றுவிட்டது. எங்கள் பக்கத்துக் கதைகளில் வெயில் போதுமான அளவு அடித்துவிட்டது. அன்றும் அடித்தது, அவ்வளவுதான். மற்ற இரண்டையும் கிழித்துவிட்டேன். அலுத்துப்போய்த்தான் இதை எழுதுகிறேன். இதையும் கிழித்தால் ஐந்தாவதுக்குத் தெம்பு இல்லை.)

2

சோலைராஜ் சார் ஒரு வினைச்சொல்லைப் பிடித்தால் லேசில் விடமாட்டார். அந்த வருடம் அவர் பிடித்தது 'டேக்'.

'டேக்' என்றால் எடு என்று எழுதிவிட்டுத் தப்பித்துவிடலாம் என்று நினைத்திருந்தோம். மருந்து சாப்பிடுவதும் அதுதான் என்றார். பஸ் பிடிப்பதும், போட்டோ பிடிப்பதும், நாற்காலியில் உட்காருவதும், பழியைத் தன் தலையில் போட்டுக்கொள்வதும் அதுதானாம். ஐம்பது உபயோகங்கள் என்று கணக்கு வைத்து, உபயோகத்துக்கு ஒரு வாக்கியம் எழுதிச் சின்னப் புத்தகமாகப் போடுவது அவர் திட்டம்.

பாடப்புத்தக வாக்கியங்கள் அவருக்கு ஆகாது. "மழைக்குக் குடைய எடுத்துக்கிட்டுப் போனானாம். இங்கன எவம்லே குடையோட திரியுதான்?" என்பார். வகுப்பில் இருக்கிற ஆட்களை வைத்தே வாக்கியம் போடுவார். உக்கிரபாண்டி மூக்குப்பொடி போடுவான். 'உக்கிரபாண்டி டேக்ஸ் ஸ்னஃப்.' மாயகிருஷ்ணன் கழுகுமலைக்குப் போக வேண்டியவன் தூக்கக் கலக்கத்தில் எப்போதும்வென்றான் என்ற ஊருக்குப் போகிற பஸ்ஸில் ஏறிவிட்டான். அது ஒன்பதாவது எடுத்துக்காட்டு ஆகிவிட்டது. தன் பெயர் கரும்பலகையில் ஏறாதா என்று ஏங்கியவர்கள்கூட உண்டு.

எழுதியதும் மர ஸ்கேலால் மேஜையைத் தட்டுவார். வாக்கியத்துக்குப் பத்துத் தடவை எல்லோரும் சேர்ந்து கத்த வேண்டும். சைக்கிள் கடைக்காரர் பஞ்சர் ஒட்டிக்கொண்டே கூடவே சொல்லுவார். பத்துத் தடவை கத்தியது செத்தாலும் மறக்காது என்பது சாரின் நம்பிக்கை. அவர் நம்பியது சரிதான். எனக்கு இன்னும் மறக்கவில்லை.

3

பெண்கள் பக்கத்து இரண்டாம் பெஞ்சில் அமுதவள்ளி உட்காருவாள். பசுவந்தனைக்காரி. பகலில் தீப்பெட்டி ஆபீஸில் குச்சிகளைக் கட்டையில் அடுக்கிவிட்டுச் சாயங்காலம் வகுப்புக்கு வருவாள். இருபத்திரண்டு வயது. கழுகுமலையில் வாழப்போன இடத்தில் புருஷன் வேண்டாம் என்று அனுப்பிவிட்டான். ஒரு மாதம் கழித்து அவன் வீட்டார் வந்து மூன்று வயதுப் பெண்பிள்ளையை மட்டும் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள்.

"சோறு போட வழி இருக்கா? ஒரு வேலையக் காட்டு, பிள்ளையக் கூட்டிட்டுப் போ" என்று ஊர்க்கூட்டத்தில் சொல்லிவிட்டார்கள். தீப்பெட்டி ஆபீஸ் வேலை அவர்களுக்கு வேலையாகத் தெரியவில்லை. பால்வாடி டீச்சர் வேலைக்குப் பத்தாம் வகுப்பு போதும். மற்ற பாடமெல்லாம் பாஸ். இங்கிலீஷ்தான் இரண்டு முறை கவிழ்த்துவிட்டது. மூன்றாம் முறைக்குப் பதினோரு நாள் இருந்தது.

இதெல்லாம் வகுப்புக்குத் தெரியாது. இரண்டு நாள் வராமல் இருந்தவளைத் தனியே கூப்பிட்டு சார் காரணம் கேட்டபோது அவரிடம் மட்டும் சொன்னாள். பிள்ளையைப் பார்க்கக் கழுகுமலைக்குப் போனாளாம். கதவைத் திறக்கவில்லையாம்.

சாருக்கு மனசு கேட்கவில்லை. வீட்டுக்குப் போய் மனைவியிடம் சொல்லிச் சொல்லி மாய்ந்துபோனார்.

(இந்த இடத்தில்தான் ஒவ்வொரு முறையும் பேனா நின்றுவிடுகிறது. சாரைக் கெட்டவர் ஆக்கிவிட்டால் கதை சுலபமாக முடிந்துவிடும். அவர் கெட்டவர் இல்லை. ஏழைப் பிள்ளைகளிடம் பீஸ் கேட்கவே கூச்சப்படுகிற மனிதர். அவருக்கு அப்போது நாற்பது வாக்கியங்கள் முடிந்திருந்தன. அடுத்தது 'டேக் அவே'. கை பழக்கத்தில் எழுதிவிட்டது.)

4

"நாப்பத்தொண்ணு!" என்று ஸ்கேலைத் தட்டினார்.

'தே டுக் அமுதவள்ளிஸ் சைல்ட் அவே.' அமுதவள்ளியின் குழந்தையை அவர்கள் கொண்டுபோய்விட்டார்கள்.

அறுபது பேரும் கத்தினோம். யாருக்கும் இது நிஜம் என்று தெரியாது. "சத்தம் பத்தலை, இன்னும் சத்தமா!" என்றார் சார். கீழே சைக்கிள் கடைக்காரரும் சொன்னார்.

அப்போது அவள் முகம்

(இல்லை. அவள் முகத்தை நான் பார்க்கவில்லை. கரும்பலகையைப் பார்த்துக் கத்திக்கொண்டிருந்தேன். கண்ணீர் வடிந்தது என்று எழுதினால் அது என் கற்பனை.)

பத்தாம் தடவை முடிந்து சார் திரும்பியபோது இரண்டாம் பெஞ்சில் அவள் இல்லை. நோட்டு மட்டும் திறந்து கிடந்தது.

5

நான்கு நாள் பொறுத்துப் பார்த்துவிட்டு சார் பசுவந்தனைக்கு பஸ் ஏறினார். இதை அவரே பின்னாளில் என் பஸ்ஸில், டிக்கெட் வாங்கிக்கொண்டே சொன்னார். அவர் சொன்னது கொஞ்சம்தான். மற்றதை நான் இட்டு நிரப்பிக்கொள்கிறேன்.

வீட்டில் தாய் பார்வதியம்மாள், "பருத்தி எடுக்கப் போயிருக்கா சார். அந்தா, அங்கன" என்று கை காட்டினாள். கரிசலின் வெடிப்புகளில் செருப்பு மாட்டி இழுக்க, அவள் விட்டுப்போன நோட்டை அக்குளில் இடுக்கிக்கொண்டு சார் நடந்தார். போய் என்ன சொல்வது என்று வழிநெடுக யோசித்தார்.

மடி நிறையப் பருத்தியோடு நின்றிருந்தாள். சாரைக் கண்டதும் மரியாதைக்கு முந்தானையைச் சரிசெய்துகொண்டாள்.

"தப்பு நடந்துபோச்சும்மா. அந்த வரிய அழிச்சிட்டேன். புஸ்தகத்துலயும் வராது. பரீச்சை ஏழு நாள்ல இருக்கு. வந்துரும்மா."

அவள் பருத்தி எடுப்பதை நிறுத்தவில்லை.

"அவிய எம்பிள்ளைய ஒரு தடவதான் சார் தூக்கிட்டுப் போனாவ. நீங்க பத்து தடவ தூக்க வச்சீங்க."

சார் அக்குளிலிருந்து நோட்டை எடுத்தார்.

"அதுகூடப் பரவால்ல சார். நானும் சேந்து கத்தினேன். உங்க ஸ்கேல் தட்டின தட்டுல வாய் அதுபாட்டுக்குக் கத்திட்டுது. மூணாந்தடவதான் அர்த்தம் தெரிஞ்சுது."

நோட்டை வரப்பில் வைத்துவிட்டு சார் திரும்பினார். அவர் எனக்குச் சொன்னது இவ்வளவுதான். அந்தப் புத்தகம் கடைசிவரை அச்சாகவே இல்லை. அடுத்த வருடம் டுட்டோரியலையும் மூடிவிட்டார்.

6

முடிவுகள் இரண்டு எழுதிப் பார்த்தேன்.

ஒன்றில் அவள் பரீச்சை எழுதி, பாஸாகி, பால்வாடி டீச்சர் ஆகி, கழுகுமலை பஸ்ஸிலிருந்து பிள்ளையோடு இறங்குகிறாள். எழுதும்போது எனக்கே சந்தோஷமாக இருந்தது. மறுநாள் படித்தால் பொய் வாடை அடித்தது.

இன்னொன்றில் அந்த நோட்டு வரப்பிலேயே கிடந்து மழையில்

வேண்டாம்.

(அமுதவள்ளி அவள் பெயர் அல்ல. சார் அவள் பெயரை மாற்றாமலே எழுதினார், நான் மாற்றியிருக்கிறேன். இதில் பெருமைப்பட்டுக்கொள்ள ஒன்றுமில்லை. அவர் ஒரு வரி எழுதினார். நான் அதையே கதையாக்கி எத்தனை தடவைதான் திரும்பத் திரும்ப எழுதுகிறேன், பாருங்கள்.)

7

இவ்வளவு நேரம் சுற்றிச் சுற்றி வந்தது இதைச் சொல்லத்தான்.

பரீச்சை ஹாலில் இங்கிலீஷ் இரண்டாம் தாள். ஒரு கேள்வி: 'டேக்' என்ற சொல்லை வைத்துச் சொந்தமாக ஒரு வாக்கியம் எழுதுக. இரண்டு மார்க்.

மூக்குப்பொடி இருந்தது, மாயகிருஷ்ணனின் பஸ் இருந்தது. அத்தனை வாக்கியத்தில் கை தானாக எழுதியது நாற்பத்தொன்றைத்தான். பெயரோடு எழுதினேன். ஒரு எழுத்துப் பிழை இல்லை. அவள் ஏன் வகுப்பைவிட்டு எழுந்து போனாள் என்பது அதற்குள் எங்கள் எல்லோருக்கும் தெரிந்துவிட்டிருந்தது. தெரிந்துதான் எழுதினேன்.

முப்பத்தாறு வாங்கினேன். பாஸ் மார்க் முப்பத்தைந்து. இருபத்தெட்டு வருடமாக நான் தின்கிற சோறு அந்த வரி போட்டது.

அன்று அவள் ஹாலுக்கு வந்திருந்தாளா என்றுதானே கேட்கிறீர்கள்? எனக்குத் தெரியும். ஆனால் சொல்லமாட்டேன். அந்த ஒன்றாவது அவளிடமே இருக்கட்டும்.

கீழே ஒரு வரி விட்டிருக்கிறேன். எழுத வேண்டும் என்று தோன்றினால் எழுதுங்கள். சத்தம் போட்டு வாசிக்காதீர்கள்.

41. ______________________