காரணம் குறிப்பிடப்படாத திருத்தம்

1

இந்தக் கதை ஓர் அச்சுத் தாளில் தொடங்குகிறது. 2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை, காலை ஐந்தே கால் மணி. சிதம்பரத்தில் ஒரு வாடகை வீட்டு முன்னறையில் டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டர் கறகறவென்று அந்தத் தாளைத் தள்ளியது. மலர்க்கொடி அதைக் கிழித்து, சட்டைப் பொத்தான் போட்டுக்கொண்டிருந்த கணவனிடம் வாசித்தாள்.

"துலாம் ராசி. சந்திராஷ்டமம் நேத்து ராத்திரி 9.34க்கே முடிஞ்சிடுச்சி. வடக்க சூலம் இல்ல. பயணம், தடையில்லை. போயிட்டு வாங்க."

"நான் எழுதுன புரோகிராமை எனக்கே படிச்சிக் காட்டுறியா?" என்றான் ஸ்ரீதர். "எனக்குத்தான் இதுல நம்பிக்கை இல்லியே."

"எனக்கு இருக்குல்ல."

"கணக்கு சரியா இருக்கும். அதுக்கு மட்டுந்தான் நான் பொறுப்பு."

குடையை எடுக்கலாமா என்று யோசித்து, வேண்டாம் என்று விட்டுவிட்டு, ஆறு மணி கடலூர் பஸ்ஸுக்குப் போனான்.

(முந்தைய வரைவில் இந்த இடத்தில் "அன்று வானம்" என்று ஒரு வாக்கியம் ஆரம்பித்தது. அப்படியே நிற்கட்டும். நான் வானத்தைப் பார்க்கவில்லை.)

2

மலர்க்கொடி நான்தான். "நான்" என்று எழுதினால் மூன்றாவது வரியில் பேனா நின்றுவிடுகிறது. "அவள்" என்றால் கொஞ்சதூரம் ஓடுகிறது. ஆகவே அவள். இடையில் எங்காவது நான் தலைகாட்டினால் அது மறதி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். தானே புயல் அடித்து மூன்று வாரம் ஆகிறது. எங்கள் தெருவுக்கு இன்னும் கரண்ட் வரவில்லை. கம்ப்யூட்டர் ஓடியிருந்தால் இந்தக் கதையை எழுதியிருக்க மாட்டேன். வழக்கம்போல அந்தத் தேதியைத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்திருப்பேன். எந்தத் தேதி என்று உங்களுக்குத் தெரியும்.

3

ஸ்ரீதர் எழுதிய மென்பொருளின் பெயர் நாழிகை. தேதி, ஊர், ராசி மூன்றையும் கொடுத்தால் அன்றைய பலனைச் சொல்லும். இரண்டு ஜாதகம் கொடுத்தால் பொருத்தம் பார்க்கும். ஜோதிடர்களும் திருமணத் தகவல் நிலையத்தாரும் வாங்கினார்கள். அதற்கு ஒரு பூட்டு உண்டு. எந்தக் கம்ப்யூட்டரில் போட்டாலும் ஸ்ரீதருக்குப் போன் செய்து சாவி எண் வாங்கித் தட்டினால்தான் திறக்கும்.

அன்றைக்கு அவன் போனது கடலூர் மஞ்சக்குப்பத்தில் இருந்த சின்னையன் என்ற ஜோதிடர் வீட்டுக்கு. "ஒம்போதுக்கு மேல வாங்க தம்பி, புதுசா ஒண்ணு தொடங்குறோம், நேரம் பாத்துத் தொடங்குவோம்" என்று அவர் சொல்லியிருந்தார். பஸ் ஏழரைக்கே கடலூரில் இறக்கிவிட்டது. ஒன்றரை மணி நேரத்தை எங்கே கழிப்பது? தேவனாம்பட்டினம் கடற்கரை பக்கத்தில்தான்.

எட்டரைக்கு மேல் கடல் வந்தது.

(இந்தப் பகுதியை நான்கு முறை எழுதினேன். நான்கிலும் கடைசி வரி இதுதான். இதற்கு முன்னும் பின்னும் எழுதியவற்றை அடித்துவிட்டேன்.)

4

பதினாறாம் நாள் காரியம் முடிவதற்குள் போன் வந்தது. "சார் இருக்காரா? கம்ப்யூட்டர் ஃபார்மேட் பண்ணிட்டோம், சாவி எண் வேணும்." இறந்துபோனவரிடம் சாவி எண் கேட்டு மூன்று வருஷம் போன் வந்தது. அவனுடைய நோட்டைப் பார்த்து மலர்க்கொடி ஒவ்வொன்றாகச் சொன்னாள். சிலர் துக்கம் கேட்டார்கள். ஒருவர், "அப்ப அடுத்த வெர்ஷன் எப்ப வரும்?" என்றார்.

அவளுடைய தம்பி அருள்மொழி சென்னையில் மென்பொருள் வேலையில் இருந்தான். "ஒரு கம்பெனி கேக்குதுக்கா, குடுத்துடலாம். மாமா உழைப்பு வீணாவாது" என்றான்.

"வேணாம். அவர் எழுதுன மூல நிரலை எல்லாரும் பாக்கற மாதிரி வெளியில வெச்சிடு."

"ஓசியாவா?"

"யார் வேணா பாக்கணும், திருத்தணும். அப்பிடி ஒண்ணு இருக்குன்னு நீதான சொன்ன?"

"சொன்னேன். நம்மளோடத அப்பிடிப் பண்ணுன்னு சொல்லல."

சமுதாயத்துக்கு அர்ப்பணிக்கிறாள் என்று அவன் நினைத்தான். பூட்டை எடுத்துவிட்டு 2008 பொங்கலன்று வெளியிட்டபோது அதற்கென்று தொடங்கிய மின்னஞ்சல் மடற்குழுவில் எல்லாரும் அப்படித்தான் பாராட்டினார்கள். உண்மை இது: அவளுக்கு ஒரு பிழை வேண்டியிருந்தது. அந்தக் காலையின் கணக்கில் எங்கோ ஒரு தப்பு இருக்கிறது. சந்திராஷ்டமம் ராத்திரி முடியவில்லை, காலை ஒன்பது வரை இருந்திருக்கிறது. "தடை உண்டு" என்று வந்திருக்க வேண்டிய தாள் "தடையில்லை" என்று வந்துவிட்டது. நூறு பேர் பார்த்தால் ஒருவர் கண்ணிலாவது படும். பட்டுவிட்டால், போயிட்டு வாங்க என்று சொன்னது அவள் இல்லை, பிழை.

5

நூறு பேர் வந்தார்கள். என்ன பார்த்தார்கள் என்று கேளுங்கள்.

எந்த உரிமத்தில் வெளியிடுவது என்று நாற்பத்து மூன்று மடல். பெயர் நாழிகையா, திறந்த நாழிகையா என்று முப்பது. சின்னத்தில் இருக்கும் சூரியனுக்கு மூக்கு வேண்டுமா என்று பதினேழு. விண்டோஸில் மட்டும் ஓடுவதைத் திறந்த மென்பொருள் என்று சொல்லவே கூடாது என்று ஒருவர் கோபித்துக்கொண்டு விலகினார்; விலகியதை அறிவிக்க நாலு மடல் எழுதினார். பழைய வாக்கியப் பஞ்சாங்கமா, புதுக் கணக்கான திருக்கணிதமா என்ற சண்டையில் இரண்டு பேர் இன்றுவரை பேசிக்கொள்வதில்லை. கீரப்பாளையம் அன்பரசு, பள்ளிக்கூட ஆசிரியர், நாத்திகர், முதல் மடலிலேயே இப்படி எழுதினார்: "எனக்கு இதில் கடுகளவும் நம்பிக்கை கிடையாது. ஆனால் நிரல் ஒழுங்காக எழுதப்பட்டிருக்கிறது. வரும் திருத்தங்களைப் பார்த்துச் சேர்க்கும் பராமரிப்பை நான் ஏற்கிறேன்."

(அன்பரசுவைக் கொஞ்சம் வில்லனாக்கலாமா என்று பார்த்தேன். முடியவில்லை. சிடுசிடு ஆள்தான். ஆனால் ராசியில் நம்பிக்கை இல்லாத ஒருவர் நாலு வருஷமாக ராசிபலனைப் பராமரிக்கிறார். அவரை என்ன செய்வது?)

கணக்கை மட்டும் யாரும் பார்க்கவில்லை.

6

2010 ஆடியில் புவனகிரி செம்பியன், குழுவில் இருந்த கல்லூரிப் பையன், போன் செய்தான்.

"அக்கா, ஒரு பிழை கெடச்சிருக்கு."

மலர்க்கொடி உட்கார்ந்தாள்.

"நம்ம இந்திய நேரம் அஞ்சரை மணி முன்னால இல்ல? சார் அதை 5.30ன்னு போட்டிருக்காருக்கா. கம்ப்யூட்டருக்கு அஞ்சரைன்னா 5.5. இத்தினி வருஷமா எல்லாத்துலயும் பன்னெண்டு நிமிஷம் ஒதைக்குது. ஜோசியருங்க ஒருத்தர்கூடக் கேக்கல பாருங்க. மிஷின்னா முன்ன பின்ன இருக்கும்னு வுட்டுட்டாங்க போல."

அவள் திருத்திய வடிவத்தை இறக்கினாள். தேதியைத் தட்டினாள். ஊர், கடலூர். ராசி, துலாம்.

ராத்திரி 9.34 என்று இருந்தது 9.46 ஆகியிருந்தது. அடுத்த வரி அப்படியே இருந்தது.

ஆறு வருஷம் காத்திருந்து கிடைத்தது பன்னிரண்டு நிமிடம். செம்பியனுக்கு நன்றி சொன்னாள். சின்னையனுக்குப் போன் செய்து வாக்கியப் பஞ்சாங்கப்படி அந்தத் தேதியைப் பார்க்கச் சொன்னாள். "அதுலயும் விடியறதுக்கு முன்னாடியே முடிஞ்சிடுதும்மா. நான் அப்பவே பாத்துட்டேன்" என்றார்.

அந்த வாரம் அருள்மொழி வந்திருந்தான். "எந்தத் திருத்தம் வந்தாலும் அதே தேதியைப் போட்டுத்தான் பாக்கறியாக்கா?"

அவன் திரையைப் பார்த்தான், அவளைப் பார்த்தான்.

"மாமா சரியாத்தான் எழுதியிருக்காரு."

"அதான்டா கோவம்."

7

முடிவு ஒன்று: அவள் சமாதானம் அடைகிறாள். (எழுதிப் பார்த்தேன். பொய்.)

முடிவு இரண்டு: இன்னொரு பிழை. (செம்பியன் இப்போது பெங்களூரில். தேட ஆளில்லை.)

நடந்தது: 2011 கார்த்திகையில் மலர்க்கொடி நிரல் எழுதக் கற்றுக்கொண்டு ஒரே ஒரு வரி எழுதினாள். தேதி 26-12-2004 என்றால், ஊர் கடலூர் என்றால், தடை உண்டு. "லோகநாயகி" என்ற பொய்ப்பெயரில் திருத்தமாக அனுப்பினாள். அந்தப் படிவத்தில் "காரணம்" என்று ஒரு கட்டம் உண்டு. அதை வெறுமையாக விட்டாள்.

இரண்டு நாளில் அன்பரசு பதில் எழுதினார். "ஒரு நாளுக்காகவும் ஓர் ஊருக்காகவும் விதி எழுத முடியாது. காரணம் குறிப்பிடப்படவில்லை. நிராகரிக்கப்படுகிறது." அவர் சொன்னது சரி. மூலத்தை ஊருக்குக் கொடுத்தாகிவிட்டது. அவள் வீட்டுப் பொருளில்லை அது இனி. கொடுத்தவளும் வரிசையில் நிற்க வேண்டியதுதான்.

கடைசியில் மட்டும் ஒரு வரி சேர்த்திருந்தார்: "காரணம் இருந்தால் எழுதவும். படிக்கிறேன்."

8

அந்தக் கட்டத்தில் எழுத வேண்டியிருந்ததுதான் இவ்வளவும். அனுப்புவதா என்று தெரியவில்லை. படித்தால் அன்பரசு ஒருவேளை ஏற்றுக்கொண்டுவிடுவார், இரக்கப்பட்டு. அப்படி ஏற்றுக்கொண்டால், கணக்கு சரியாக இருக்கும், அதற்கு மட்டுந்தான் நான் பொறுப்பு என்று சொன்னவனின் கணக்கில் முதல் பொய்யை நான்

அந்த வாக்கியத்தை முடிக்க மாட்டேன். நீங்கள் பராமரிப்பாளராக இருந்தால் ஏற்பீர்களா? உங்கள் பதிலை எனக்கு எழுத வேண்டாம். மூலம் திறந்துதான் இருக்கிறது, யார் வேண்டுமானாலும் இறக்கிக்கொள்ளலாம்.

நேற்றுப் பகலில் சிதம்பரம் மேலவீதியில் ஜெனரேட்டர் ஓடும் ஒரு கடையில் பத்து நிமிடம் கம்ப்யூட்டர் கிடைத்தது. புதிய வடிவம் வந்திருக்கிறது. சூரியனுக்கு மூக்கு வைத்துவிட்டார்கள். தேதியைத் தட்டினேன். கடலூர். துலாம்.

பயணம்: தடையில்லை.