தட்டில் குறைந்த செல்கள்

இசைவாணி தஞ்சாவூரில் ஆராய்ச்சி மாணவி. சோயாவிலிருந்து பிரித்தெடுத்த ஒரு பொருளை ஊற்றியதும், ஆய்வகத் தட்டிலிருந்த மார்பகப் புற்றுநோய்ச் செல்கள் பெருகுவது குறைந்தது. அந்தச் சந்தோஷத்தில் அம்மா அம்சத்திடம் போனில் சொல்லிவிட்டாள். அம்மாவுக்கும் அதே நோய்தான்.

அடுத்த மாதம் திருத்துறைப்பூண்டிக்குப் போனபோது அம்மாவின் மாத்திரை அட்டை பிரிக்கப்படாமல் கிடந்தது. அடுப்பில் சோயா உருண்டை போட்ட மீல் மேக்கர் குழம்பு கொதித்தது.

"மூணு வேளையும் இதான் சாப்பிடுறேன். நீதானே சொன்ன?"

இசைவாணி மாத்திரை அட்டையைக் கையில் எடுத்தாள். "நான் செல்லு மேலயே ஊத்துனேம்மா. சாப்பிட்டா அவ்வளவு அங்க போய்ச் சேருமான்னு தெரியாது. குழம்பு சாப்பிடு, மாத்திரைய நிறுத்தாத."

"இத அன்னைக்கே சொல்லியிருக்கலாம்ல?"

"சொல்லியிருக்கணும். என் தப்புதான்."

மறுநாள் காலையில் இருவரும் டாக்டரைப் பார்க்கப் பஸ் ஏறினார்கள்.