கொளஞ்சி ஒட்டிய படம்

திங்கட்கிழமை காலை, கடலூர் திருப்பாதிரிப்புலியூர் தியேட்டரின் ஆப்பரேட்டர் கேபினில் கொளஞ்சி தன் நண்பன் தேவநாதனின் படத்தைக் கத்தரியால் வெட்டிக்கொண்டிருந்தான். பொறாமைதான், வேறொன்றும் இல்லை. சிதம்பரத்தில் ஒன்றாகப் படித்தவர்கள், ஒரே பொட்டலத்தைப் பிரித்துத் தின்றுகொண்டே சினிமாக் கதை பேசியவர்கள். ஒருவன் சென்னைக்குப் போய் டைரக்டராகிவிட்டான். இன்னொருவன் இந்த 2008-லும் புரொஜக்டருக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருக்கிறான். வாசலில் 'மண்ணின் மைந்தனே வருக' என்று பேனர். அதையும் ஏணி போட்டு ஏறி இவன்தான் கட்டினான். வயிறு எரியாமல் என்ன செய்யும்?

படம் ஒரு கொலைக் கதை. முதலில் ஒரு பெண்ணின் பிணம், அப்புறம் விசாரணை, நடுவில் கல்யாணம் என்று முன்னும் பின்னுமாகப் போகும். கொன்றவன் புருஷன்தான் என்பது கடைசி ரீலில்தான் தெரியும். மூன்று நாளாக ஜனம் இடைவேளையிலேயே எழுந்து போனது. கொளஞ்சிக்கு அதுவும் போதவில்லை. மர்மத்தையும் உடைத்துவிட்டால் படத்தில் மிச்சம் என்ன இருக்கும்? இருபது இடத்தில் வெட்டி, நடந்தது நடந்த வரிசையில் ஒட்டினான். புருஷன் விஷம் வாங்கும் காட்சி முதல் அரைமணிக்குள் வந்துவிட்டது.

அன்று மேட்னியில், திரையில் அந்தப் பெண் சிரித்துக்கொண்டே புருஷனோடு காரில் ஏறியபோது, பெண்கள் பக்கத்திலிருந்து ஒரு குரல்: "ஐயோ, அவன் கூட போவாதடி!" அப்புறம் தியேட்டரே கத்தியது. புதன்கிழமை ஹவுஸ்ஃபுல். படம் வந்த முதல் நாள் கொட்டாவி விட்ட கொளஞ்சியின் பெண்டாட்டி மாலதி, மறுபடி பார்த்துவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்தாள். "அண்ணன் எவ்ளோ தெளிவா எடுத்துருக்காரு! அன்னிக்கு எனக்குத்தான் மண்டையில ஏறல." கொளஞ்சி பாதிச் சாப்பாட்டில் எழுந்து கை கழுவினான்.

மறுநாள் காலையே தேவநாதன் போன் செய்தான். "மச்சான், மத்த ஊர்ல எல்லாம் படத்தத் தூக்கிட்டாங்க. கடலூர்ல மட்டும் பிச்சிக்கினு ஓடுதாமே! நாளைக்கு அந்தப் படப்பெட்டியதான் சிதம்பரத்துல போடறாங்க. புது புரொடியூசரக் கூட்டிக்கினு வரேன். அவரு இன்னும் பாக்கல. அவருக்குப் புடிச்சாதான்டா எனக்கு அடுத்த படம். நீயும் வரணும்."

பெட்டி கட்டும்போது பழையபடி மாற்றிவிடலாம். ஜனம் எழுந்து போகும், தேவநாதன் புரொடியூசர் பக்கத்தில் கூனிக் குறுகுவான். கொளஞ்சி கத்தரியைக்கூட எடுத்துவிட்டான். ஆனால் இப்போது வெட்டினால் போவது தன் படம். அதற்கு மனசு வரவில்லை. அப்படியே மூடி சிதம்பரம் பஸ்ஸில் ஏற்றினான்.

வெள்ளிக்கிழமை தேவநாதனுக்குப் பக்கத்துச் சீட்டில்தான் உட்கார்ந்தான். பிணம் வரவேண்டிய திரையில் கல்யாண மேளம் கேட்டது. தேவநாதன் பாதி எழுந்தான். "என்னடா இது? எவன்டா கை வச்சது?" கொளஞ்சி அவன் சட்டையைப் பிடித்து இழுத்து உட்காரவைத்தான். கார் காட்சியில் பின்வரிசையில் ஒரு பெண், "போவாத, போவாதடி!" என்று அழுதாள். சீட்டு நுனிக்கு வந்திருந்த புரொடியூசர் தேவநாதனின் தோளைத் தட்டி, "பிரமாதம்யா, என்னா வரிசை!" என்றார்.

தேவநாதன் சிரிக்கப் பார்த்தான், வரவில்லை. மெல்லத் திரும்பிக் கொளஞ்சியைப் பார்த்தான். திரை வெளிச்சத்தில் தெரிந்த அந்த முகம் கொளஞ்சிக்குப் புதிதல்ல. பேனர் கட்டிய நாளிலிருந்து அவன் தினமும் கண்ணாடியில் பார்த்துவந்த முகம்.